அக்காளின் பாட்டைப் பியானோவில் கற்ற கதை

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவள் நான். வரிசை இல்லாவிட்டால் எனக்கு எழுத ஓடாது.

1. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய அடுத்த வருஷம், நானும் என் கணவரும் அக்காள் மகள் கமலாவை அழைத்துக்கொண்டு பிரான்சுக்குக் கப்பல் ஏறினோம். கமலாவுக்கு மூன்று வயது. இடது தொடை எலும்பு இடுப்புக் குழியில் பொருந்தாமல் பிறந்தவள்.

2. தூலோன் நகரத்து மருத்துவமனையில் அவளுக்கு அறுவை செய்து, மார்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டுப் போட்டார்கள்.

3. கட்டுக்குள் கிடந்த பிள்ளை தன் அம்மாவின் தாலாட்டு வேண்டுமென்று அழுதாள். எனக்குப் பாட வராது.

4. ஆகவே வீட்டுக்கார அம்மாளின் பியானோவில் அந்தப் பாட்டை வாசிக்கக் கற்றேன். சொல்லித்தர ஆள் கிடையாது.

5. அக்காள் ஆறு மாதத்தில் வந்து சேர்வதாக ஏற்பாடு. அவள் வரவில்லை.

6. போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து அமீது நானா வந்தார்.

கப்பல் ஏறி இந்த மாதத்தோடு நான்கு வருஷம் முடிகிறது. துறைமுகத்துப் படகுக்காரர்களுக்குத் தலைவரான தண்டலின் சின்ன மகள் பிரான்சில் மதாம்களைப் போலப் பியானோ வாசிக்கிறாளாம் என்று ஊரில் பேச்சு நடப்பதாக அப்பா எழுதியிருந்தார். பாதிப் பேர் பெருமைப்பட்டார்களாம், பாதிப் பேர் சிரித்தார்களாம். இரண்டுக்கும் இதில் இடமில்லை. எனக்குத் தெரிந்த பாட்டு ஒன்றுதான். அதை ஏன் கற்றேன் என்பதை ஊரில் இருப்பவர்கள் என் மூலமாகவே தெரிந்துகொள்ளட்டும்.

*

எனக்குப் பாட வராது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கன்னியர் பள்ளியில் பிரார்த்தனைப் பாட்டு நடக்கும்போது, வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம் என்று ஒரு சிஸ்டர் எனக்குத் தனியாகச் சொல்லி வைத்திருந்தார். பாட்டெல்லாம் அக்காளுக்குப் போய்விட்டது. புதுச்சேரியில் எக்ஸ்ரே வேலை படித்து முடித்து நான் ஊருக்கு வந்த நாளில் அவள் சொன்னாள்: "நீ பாடவே வேணாம்டி. எலும்பைப் படம் புடிக்கிறல்ல, அது போதும். எலும்புக்குக் காது கிடையாது."

அக்காள் தையல்காரி. கையால் சுற்றும் மெஷின் அவளுடையது. கால் சும்மா இருப்பதால் தூளிக் கயிற்றைக் கால் பெருவிரலில் கட்டிக்கொள்வாள். கை தைக்கும், கால் ஆட்டும், வாய் பாடும். அத்தான் சைகோன் துறைமுகத்து வேலைக்குப் போய் அங்கேயே காய்ச்சலில் இறந்த பிறகும் அந்த மூன்றும் நிற்கவில்லை. அந்தத் தூளிக்குள்தான் கமலா வளர்ந்தாள். நடக்கத் தொடங்கியபோது ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். புதுச்சேரிக்குக் கொண்டுபோய் நானே படம் எடுத்தேன். படத்தைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தபோது, எலும்பின் தலை குழிக்கு வெளியே நின்றது. அதைச் சரிசெய்யக்கூடிய கை நம் பக்கத்தில் அப்போது இல்லை.

என் கணவருக்குத் தூலோனில் கடற்படைப் பட்டறையில் வேலை மாற்றம் கிடைத்தது. பிள்ளையை நாங்கள் கொண்டுபோவது, அக்காள் காகிதங்கள் தயாரானதும் பின்னாலேயே வருவது என்று முடிவாயிற்று. காரைக்கால் ரயில் நிலையத்தில் அக்காள் அழவில்லை. வண்டி நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்கு உத்தரவுகள் போட்டாள்: கட்டுக்குள்ளே அரிக்கும், அவளுக்குச் சொல்லத் தெரியாது, நீயாகப் பார்த்துக் கேள். மீன் என்றால் திருக்கைதான் தின்பாள். தூங்கவைக்க ஒரே பாட்டு, வேறு பாடினால் முழித்துக்கொள்வாள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அந்தக் கடைசி உத்தரவை என்னால் நிறைவேற்ற முடியாது என்பது எங்கள் இருவருக்குமே அந்த நேரத்தில் தோன்றவில்லை.

*

நாங்கள் குடியிருப்பது ஒரு விதவை அம்மாளின் வீட்டு மாடியில். மருத்துவமனையிலிருந்து கட்டோடு கொண்டுவந்த கமலாவை மாடி ஏற்ற முடியவில்லை. வீட்டுக்கார மதாம் தன் கீழ்க்கூடத்தில் கட்டில் போட இடம் கொடுத்தாள். அதே கூடத்தில் சுவரோரம் பியானோ நின்றது. அவள் மாமியாருடையது, வாசிப்பவர் யாருமில்லை, மூடியின் மேல் பூந்தொட்டிகள்.

முதல் வாரம் கமலா அழுதது வலியில். அதன் பிறகு அழுதது வேறு. "அம்மா பாட்டு" என்பாள். நான் பாடிப் பார்த்தேன். அவள் என் வாயைத் தன் கையால் மூடினாள். மூன்றரை வயதுப் பிள்ளை, அசைய முடியாமல் கிடந்த இடத்திலிருந்து கையை நீட்டி மூடினாள்.

அன்று மாலை மதாமிடம் கேட்டு, பூந்தொட்டிகளை எடுத்துவிட்டுப் பியானோவைத் திறந்தேன். எனக்கு இயந்திரம் கையாளத் தெரியும். தொண்டை நடுங்கும், கட்டை நடுங்காது. சரியான கட்டையை அழுத்தினால் சரியான ஒலி வந்தே ஆக வேண்டும். என் யோசனை அவ்வளவுதான்.

எனக்கு எக்ஸ்ரே வேலை கிடைத்திருந்த மருத்துவமனையிலிருந்து ஒட்டுத்துணி கொண்டுவந்து, சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு கட்டையிலும் எண் எழுதி ஒட்டினேன். வெள்ளைக்கு ஓர் எண், கறுப்புக்கு ஓர் எண், இடமிருந்து வலமாக. பிறகு ஒரு விரலால் தேட ஆரம்பித்தேன். பாட்டு என் நினைவில் இருந்தது, ஆனால் எது சரி என்று சொல்லும் காது என்னிடம் இல்லை. காது கட்டிலில் கிடந்தது.

"இதுவா?"

"ம்ஹூம்."

"இது?"

"மேலே."

"இதுவாடி?"

"இன்னும் மேலே, சித்தி."

இப்படித்தான் கற்றேன். முதல் அடிக்கே பல நாள் ஆயிற்று. சரியான கட்டை கிடைத்தால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறப்பாள். நான் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்வேன்.

ஒரு பெரிய தவறும் செய்தேன். பியானோவின் அடியில் மிதிகள் இருக்கின்றன. நம் ஊரில் மிதி என்றால் மிதித்தால்தான் வேலை நடக்கும். பள்ளியின் பெரிய ஆர்மோனியம் அப்படி, கால் தையல் மெஷின் அப்படி. நானும் கட்டை ஒவ்வொன்றுக்கும் வலது மிதியை விடாமல் மிதித்துக்கொண்டே வாசித்தேன். ஒலிகள் ஒன்றோடொன்று குழம்பி, வீடு முழுவதும் கோயில் மணி அடித்து ஓயாதது போல் இருந்தது. சமையலறையிலிருந்து மதாம் வந்து என் காலைப் பார்த்தாள். சட்டையா கவுனா, என்ன தைக்கிறாய் என்று கேட்டாள். நான் காலை எடுத்தேன். அதற்குப் பிறகுதான் ஒவ்வோர் ஒலியும் தனித்தனியாகக் கேட்டது.

இன்னொன்று விரல். ஒரு விரலால் ஓடினால் பாட்டு துண்டு துண்டாக வந்தது. ஐந்து விரலையும் வைத்தால் ஐந்தாவது கட்டையில் கை தீர்ந்துவிட்டது. அடுத்ததற்கு எப்படிப் போவது? வேலையில் ஒருநாள் ஒரு பட்டறைத் தொழிலாளியின் கையைப் படம் எடுத்துக் காயவைத்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலின் அடிமூட்டு மற்ற நான்கையும் போன்றதல்ல, அது உள்ளங்கைக்குள் சுழலும். தினமும் பார்க்கிற எலும்புதான். அன்று மாலை கட்டைவிரலை மற்ற விரல்களின் கீழே நுழைத்துப் பார்த்தேன். கை நகர்ந்தது. பியானோ வாசிப்பவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது. எனக்கு அது ஒரு படத்திலிருந்து கிடைத்தது.

ஓர் இடம் மட்டும் வரவேயில்லை. அக்காள் ஒரு சொல்லை நீட்டி, கீழே இறக்கி, பாதியில் விடுவாள். அந்த ஒலிக்குக் கட்டை இல்லை. இந்தப் பக்கத்துக் கட்டையை அழுத்தினால் "ம்ஹூம்", அந்தப் பக்கத்தை அழுத்தினாலும் "ம்ஹூம்". கடைசியில், மேலேயுள்ளதைத் தொட்டதும் தொடாததுமாக விட்டுக் கீழேயுள்ளதில் விரலை விழவிட்டேன். கமலா கண்ணை மூடினாள். திறக்கவில்லை. தூங்கிவிட்டிருந்தாள். மதாம் சமையலறைக் கதவை ஓசையில்லாமல் சாத்தினாள்.

*

ஐந்தாவதாக எழுதியதைப் பற்றி.

நம் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கும். யாரும் அதை யோசித்துச் செய்வதில்லை. எங்கள் அம்மாவின் தாய்வீடு நாகூருக்குத் தெற்கே, வாஞ்சூர்ச் சுங்கச் சாவடிக்கு அந்தப் பக்கம். அப்போது அது இங்கிலீஷ்காரன் சீமை, இது பிரெஞ்சுக்காரன் சீமை. அம்மா அங்கே போய் அக்காளைப் பெற்று, மூன்றாம் மாதம் வண்டியில் திரும்பினாள். சாவடியில் துணி மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார்கள், வெல்லப் பானையைத் திறந்து பார்த்தார்கள். மடியில் இருந்த பிள்ளையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அப்பாவும் அதை எங்கும் பதியவில்லை. ஊருக்கே தெரிந்த பிள்ளையை எதற்குப் பதிய வேண்டும்? நான் இரண்டாமவள். காரைக்கால் வீட்டிலேயே பிறந்தேன், மறுநாளே மேரியில், அதாவது நகராட்சிப் பதிவு அலுவலகத்தில், என் பெயர் ஏறிவிட்டது.

அப்பா அக்காளைக் கடத்தல் சரக்கு என்றுதான் கூப்பிடுவார். அம்மா அதைத் தாலாட்டிலேயே சேர்த்துவிட்டாள்:

சாவடி தாண்டி வந்த சரக்கே, கண்ணுறங்கு
சர்க்காரு கேக்கலியே, நீ உறங்கு

அக்காள் கமலாவுக்குப் பாடியதும் அதைத்தான். ஆனால் கமலா சரக்கல்ல. அவளும் தலைப்பிள்ளை. அக்காள் தன் தாய்வீட்டில், அதாவது காரைக்காலில், பெற்றாள். அந்த வழக்கமே மகளுக்குப் பிரெஞ்சுக் காகிதத்தைக் கொடுத்தது, தாய்க்கு இல்லாமல் செய்தது.

அக்காள் பிரான்சுக்கு வர அனுமதி கேட்டபோது, புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு அலுவலகத்தில் அவள் பிறப்புப் பதிவைக் கேட்டார்கள். கல்யாணப் பதிவைக் கேட்டார்கள். கல்யாணம் கோயிலில் நடந்ததே தவிர மேரிக்குப் போகவில்லை. அப்பா கூடவே போயிருந்தார். பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தவர், ஏன் பதியவில்லை என்று மறுபடியும் கேட்டபோது எழுந்து நின்று சொன்னாராம்:

"தலைப்பிரசவம் அவங்க அம்மா வீட்டுலதானுங்க ஆகும். வேற எங்க ஆகும்? நீங்க எங்க பொறந்தீங்க?"

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா நம் பக்கத்து ஆள்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "எங்க வீட்டுலயும் அப்படித்தாங்க. ஆனா நான் பதிவைத்தானே கேக்க முடியும்," என்றாராம்.

ஆறு மாதம் ஒரு வருஷமாயிற்று. சாட்சிகள் கேட்டார்கள். அம்மாவின் ஊரிலிருந்து பிரசவம் பார்த்தவளின் மகளை அழைத்துப் போனார்கள். அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்கள், ஆனால் ஆதாரமாகச் சேர்க்கவில்லை. இரண்டு வருஷம், மூன்று வருஷம். இந்த வருஷத் தொடக்கத்தில் மனு தள்ளுபடி என்று முடிவு வந்தது.

*

இதற்குள் கமலா நடந்தாள். கட்டுப் பிரித்து, கம்பி வைத்த காலணி போட்டு, பிறகு அதுவும் இல்லாமல். அந்த நாளை எழுத வேண்டும் என்று எண்ணுகிறேன், எழுதப் போனால் அக்காள் அங்கே இல்லை என்பதுதான் முன்னால் வருகிறது.

தமிழ் அவளைவிட்டுப் போன வரிசை எனக்குத் தெரியும். முதலில் இங்கே இல்லாத பொருள்களின் பெயர்கள்: தூளி, திருக்கை, முறம். அடுத்து உறவுகள்: தாத்தா, மாமா. பிறகு நிறங்களும் நாட்களும். கடைசிவரை நின்றது "வேணாம்". பள்ளியில் அவள் பெயர் கமீல். ஒருநாள் என்னோடு கடைத்தெருவில் வரும்போது, தமிழில் பேசாதே, எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று பிரெஞ்சில் சொன்னாள். நான் பேசுவதை நிறுத்தினேன். அப்போது கத்தரிக்காய் வாங்கலாமா என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மீதியைப் பிரெஞ்சில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

சித்தி என்று கூப்பிடுவதும் எப்போதோ நின்றுவிட்டது. பள்ளி வாசலில் மற்றப் பிள்ளைகள் தங்கள் தாயைக் கூப்பிடுவது போலத்தான் அவளும் என்னைக் கூப்பிடுகிறாள். நான் திருத்தினேன், அவள் மறந்தாள், நான் மறுபடி திருத்தினேன். என் கணவர் ஒருநாள், "விடு, புள்ளையை எத்தனை தரம் திருத்துவே," என்றார்.

பாட்டு மட்டும் அவளைவிட்டுப் போகவில்லை. நான் ஒட்டிய எண்களைப் பார்த்து அவளே வாசிக்கக் கற்றாள். பிறகு எண்களை உரித்துப் போட்டாள். இப்போது பள்ளியில் பியானோ ஆசிரியை ஒருத்தி இருக்கிறாள். இரண்டு கையாலும் வாசிக்கிறாள் என் பிள்ளை, நான் வலது கையைத் தாண்டியதில்லை.

*

அமீது நானா சரக்குக் கப்பலில் சமையல்காரர். காரைக்காலில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் பாய்மரக் கப்பலில் பையனாகச் சேர்ந்த நாளிலிருந்து அப்பாவுக்குப் பழக்கம். நாங்கள் எல்லோருமே அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். மார்செய்யில் கப்பல் நின்றதும் ரயிலேறி வந்துவிட்டார். ஒரு டின் நிறைய அல்வா, அதற்குள் எறும்பு. "கொழும்புலேருந்து கூடவே வருது தங்கச்சி, இதுக்கும் பாஸ்போர்ட் இல்லே," என்றார்.

நாங்கள் சிரித்தோம். கமலா என் பின்னால் நின்று பார்த்தாள். அவர் முழங்காலிட்டு உட்கார்ந்து, "வாங்க செல்லம், நடந்து காட்டுங்க," என்றார். அவளுக்குப் புரியவில்லை. நான் சொன்னதும் கூடத்தின் அந்தக் கோடிவரை நடந்து திரும்பினாள். நானா இரண்டு கையையும் முகத்தில் வைத்து ஏதோ ஓதினார். பிறகு, யோசிக்காமல், எந்தப் பிள்ளையிடமும் கேட்பது போல் கேட்டார்: "உங்க அம்மா எங்கே?"

அம்மா என்ற சொல் அவளுக்குத் தெரியும். விரலை நீட்டி என்னைக் காட்டினாள்.

நானா என்னைப் பார்க்கவில்லை. மதாம் கொண்டுவந்த காப்பியை வாங்கி, சர்க்கரை போட்டு, நெடுநேரம் கலக்கினார். விருந்தாளி வந்தால் வாசித்துக் காட்டும் பழக்கத்தில் கமலா தானாகப் போய்ப் பியானோவின் முன் உட்கார்ந்தாள். பள்ளிப் பாட்டு ஒன்று வாசித்தாள். அடுத்து இதை வாசித்தாள். வலது கையில் பாட்டு, இடது கையில் ஆசிரியை சொல்லித்தந்த கட்டைகள். நீட்டி இறக்கும் இடத்தில் அவள் விரல் மேலே தொட்டுக் கீழே விழுந்தது. நானாவின் கரண்டி நின்றது. காரைக்காலில் எங்கள் தெருவழியாகப் போன யாருக்கும் அந்தப் பாட்டு தெரியும்.

"இது யாரு பாட்டுன்னு கேளு," என்றார் மெதுவாக.

கேட்டேன். உன் பாட்டுதானே என்றாள் கமலா. மதாமின் பூனையைத் தேடிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகுதான் நானா சட்டைப்பைக்குள்ளிருந்து உறையை எடுத்தார். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நான் கேட்டு எழுதியதுதான். எலும்பு வளர்வதால் கமலாவுக்கு இந்தக் கோடையில் இரண்டாவது அறுவை வேண்டும். முதல் தடவை அக்காளின் கடிதமே போதுமென்றார்கள், இந்தத் தடவை பெற்றவர் கையெழுத்து இங்கேயே வேண்டும். சட்டப்படி பெற்றவர் இந்த மண்ணில் யாருமில்லாத பிள்ளையை இனித் தொடர்ந்து வைத்திருக்கவும் முடியாதாம். ஊருக்கு அனுப்பினால் அறுவை இல்லை. மீதி இருந்தது ஒரே வழி, நாங்கள் அவளைத் தத்தெடுப்பது. அக்காள் தன் சம்மதத்தை எழுதி, கையெழுத்திட்டிருந்தாள். நல்ல கையெழுத்து, தையல் போல நேராக.

"ஏதாவது சொன்னாளா நானா?"

"சொல்லுச்சு." அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "மூணு விஷயம். ஒண்ணு, புள்ளை நடக்குறதை நான் என் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லணும். ரெண்டு, நீ அழக் கூடாது, உனக்கு வேலை இருக்கு."

"மூணாவது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"'இனிமே அந்தப் பாட்டை அவளுக்கு வாசிக்க வேணாம்னு சொல்லுங்க நானா. நான் வர்றவரைக்கும்னுதான் வாசிச்சா. இனி எதுக்கு? கேட்டுக்கிட்டே இருந்தா, யாரோ வரணும்னு புள்ளைக்குத் தோணிக்கிட்டே இருக்கும்.' இதைத்தான் சொல்லுச்சு தங்கச்சி. சொல்லிட்டு மெஷினைச் சுத்த ஆரம்பிச்சிடுச்சு. துணி வைக்கலே. சும்மாவே சுத்துச்சு."

நான் இரண்டாவது உத்தரவைக் காப்பாற்றினேன். நானா ரயிலேறும்வரை காப்பாற்றினேன்.

*

இன்றைய நிலை இது. திங்கட்கிழமை மேரியில் காகிதங்களைக் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். நான் பியானோவைத் தொடுவதில்லை. கமலா வாசித்தால் தடுப்பதுமில்லை, அவளுக்கு அது வெறும் பாட்டு. அறுவைக்கு நாள் குறித்தாயிற்று, கையெழுத்து நான் போடுவேன். மருத்துவர் நல்ல நம்பிக்கை சொல்கிறார். அக்காள் காரைக்காலில் அப்பாவோடு இருக்கிறாள், தைக்கிறாள். என் மகள் கமலாவுக்கு அவள் முறைப்படி பெரியம்மா.